நகம் நீண்டதைப் பொண்ணு என்றோம்

எங்கள் கட்டடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது மாடியில் அடிக்கிறவள் நான், வாங்கிக்கொள்கிறவர் என் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வாட்ச்மேன் சொல்வார். எதிர்வீட்டு மராத்திக்காரப் பெரியம்மா, நாங்கள் காக்கூ என்று கூப்பிடுகிறவர், அவரும் சொல்வார். என்னைப் பெற்ற அம்மாவே பத்து வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

என் உருவமும் குரலும் அப்படி. தாராவியில் அப்பாவின் தோல்பைப் பட்டறைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையில் வளர்ந்தவள் நான். கீழே நாலு தையல் மெஷின் ஒரே நேரத்தில் ஓடும். மேலே இருந்து "சோறு ஆறுது" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அது அப்பா காதில் விழ வேண்டும். தொண்டை பிறகு எப்படி வளரும்? உடம்பும் அதற்குச் சளைக்கவில்லை. கல்யாண போட்டோவில் அவரைவிட நான் ஒரு சாண் அகலமாக நிற்கிறேன். அவர் ஒல்லி, குள்ளம், நறுவிசான ஆள். செம்பூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அவர் குத்தினால் குத்தினதே தெரியாது என்று வயசானவர்கள் அவருக்காகவே காத்திருந்து கையை நீட்டுவார்கள்.

கல்யாணம் பேசி முடித்த அன்று அம்மா அவரிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "எங்க புள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம் மாப்ள. நீங்கதான் பொறுத்துப் போவணும்." அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வெட்கங்கெட்டவள்.

பிள்ளை இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஆமைகள் வந்தது நாங்கள் செம்பூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம். காக்கூதான் கொண்டுவந்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரலளவு தண்ணீர், அதில் தீப்பெட்டி அளவில் இரண்டு பச்சைக் குஞ்சுகள், காதோரம் சிவப்புக் கோடு. அவர்கள் பக்கத்துக் கோயில்களில் சாமிக்கு நேர் எதிரே தரையில் ஆமையைச் செதுக்கி வைத்திருப்பார்கள், வீட்டில் ஆமை இருந்தால் லட்சுமி வருவாள் என்று சொல்லி என் கையில் டப்பாவை வைத்தார். "ஜோடி ஹை, தோட்னா மத்" என்றார். ஜோடியாம், பிரிக்கக் கூடாதாம்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கதையே வேறு. ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. அம்மா முதல் தடவை புது வீட்டைப் பார்க்க வந்தவள், நிலைப்படியிலிருந்தே தொட்டியைப் பார்த்துவிட்டாள். எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஆமையக் கொண்டாந்து நடுவீட்டுல வச்சிருக்க? புத்தி கித்தி பெரண்டு போச்சா ஒனக்கு?"

"காக்கூ குடுத்தாங்கம்மா. இங்க எல்லாரும் வளக்காங்க."

"இங்க எல்லாரும் என்னமும் செய்வாவ. நீ எங்க பொறந்தவ?"

அன்றைக்கு அவள் உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷமும் உள்ளே வரவில்லை. வந்தால் படிக்கட்டுப் பக்கம் நாற்காலி போடுவேன். அங்கேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, தொட்டி இருக்கிற திசையைக்கூடப் பார்க்காமல் போவாள். பால் திரிந்தாலும் ஆமை, எனக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆமை. எல்லாப் பழியும் அந்த இரண்டு வாயில்லாப் பிராணிகள் தலையில்தான்.

அவருக்கு ஆமைகள் மேல் கொள்ளைப் பிரியம். டிவிக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்தார். ஏறி உட்கார ஒரு கருங்கல், மேலே சூட்டுக்கு ஒரு பல்பு. ஒன்று மளமளவென்று வளர்ந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தது. இன்னொன்று அதில் பாதியில் நின்றுவிட்டது. பெரியதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார், சின்னதற்குப் பொண்ணு. ஆம்பளைதானே பெரிசாக இருப்பான்? அதோடு சின்னதற்கு முன்னங்கால் நகங்கள் ஊசி ஊசியாக நீண்டிருந்தன. நகம் வளர்க்கிறவள் பொண்ணுதானே? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

மூன்றாவது வருஷம் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. பொண்ணு நீந்தி வந்து மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே நிற்கும். இரண்டு முன்னங்கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, அந்த நீள நகங்களை மாப்பிள்ளையின் கன்னத்தோரம் படபடவென்று நடுக்கும். ஒரு நிமிஷம் நடுக்கும், நிறுத்தும், மறுபடி நடுக்கும். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தலையை உள்ளே இழுக்கும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் கூப்பிட்டுக் காட்டுவார். "பாத்தீங்களா, பொண்ணு மாப்பிள்ளை கண்ணுல விரல விட்டு ஆட்டுறா. எங்க வீட்டுக் கதைதான்." வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் காபி டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

அவர் அப்படிச் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இடது கை முட்டியின் உள்பக்கம் கட்டை விரல் அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. முழுக்கை ரவிக்கைக்குள் இருந்தது.

சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. அவர் முகத்தில் அடிக்க மாட்டார். கத்த மாட்டார். ரத்தம் எடுக்கிற மனுஷருக்கு எந்த இடத்தில் நரம்பு ஓடுகிறது, எங்கே அழுத்தினால் உயிர் போகும் என்று தெரியும். கல்யாணமான முதல் மாதம், அவருடன் வேலை பார்க்கிறவர்கள் முன்னால் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர்கள் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து என் சுண்டுவிரலைப் பிடித்தார். பின்னால் வளைத்துக்கொண்டே போனார். "மெதுவா சிரி" என்றார். நான் அலறினேன். "மெதுவா" என்றார் மறுபடி. விரலில் ஏதோ நறுக்கென்றது.

அதன் பிறகு அந்த 'மெதுவா'தான் என் வீட்டில் சட்டம். துண்டை நனைத்து முறுக்கி முதுகில் அடிப்பார். முடியைப் பிடித்துச் சுவரோடு வைத்து நெற்றியை அழுத்துவார், அடிக்கக்கூட மாட்டார், சும்மா அழுத்திக்கொண்டே நிற்பார். நான் கத்துவேன். எனக்கு இருப்பது பட்டறைத் தொண்டை, நாலு வீடு தாண்டிக் கேட்கும். அவர் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. வெளியில் இருக்கிறவர்கள் காதில் விழுந்ததெல்லாம் நான் கத்துவது மட்டும்தான். பாவம் மனுஷன், இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்று பேசிக்கொள்வார்கள். மறுநாள் படியில் பார்க்கும்போது காக்கூ எனக்குப் புத்தி சொல்வார். ஆண்பிள்ளையை அத்தனை விரட்டாதே என்பார். என்னத்தைச் சொல்ல!

நாலாவது வருஷம் தொட்டியில் விளையாட்டு முடிந்தது. நகத்தை நடுக்கி நடுக்கிப் பார்த்த பொண்ணு, ஒரு நாள் சட்டென்று கழுத்தை நீட்டி மாப்பிள்ளையின் கழுத்துத் தோலைக் கவ்விக்கொண்டது. விடவில்லை. மாப்பிள்ளை தொட்டி முழுக்க இழுத்துக்கொண்டு ஓடியது. ஓடுவதற்கு என்ன இருக்கிறது, மூன்றடி நீளம், திரும்பினால் கண்ணாடி. ஓட்டோடு ஓடு மோதும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் ஓடி வந்து பார்த்தேன். தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் மிதந்து கலைந்தது. அவர் சோபாவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். 'அடி வாங்கும் மாப்பிள்ளை' என்று மேலே எழுதியிருந்தார். யார் யாரோ சிரிப்புப் பொம்மை போட்டார்கள். என் தம்பியும் போட்டான்.

அதன் பிறகு தினமும் நடந்தது. வெயில் காலத்தில் இன்னும் மோசம். பொண்ணு பின்னாலிருந்து வந்து மாப்பிள்ளையின் முதுகில் ஏறி ஓட்டு விளிம்பை நாலு காலாலும் பற்றிக்கொள்ளும். தலை வெளியே வந்தால் கழுத்து, உள்ளே போனால் வால். வாலின் நுனியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. மூச்சு வாங்க மாப்பிள்ளை மேலே வரப் பார்க்கும், முதுகில் இருக்கிற பாரம் அமுக்கும். மூக்கு தண்ணீரைத் தாண்டும், மறுபடி முங்கும். ஒரு மத்தியானம் அந்த மூக்கு வெளியே வராமல் தவித்ததைப் பார்த்து எனக்கு வெறி பிடித்துவிட்டது. கரண்டிக் காம்பால் பொண்ணின் ஓட்டில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிடி விட்டது.

அவர் அன்று லீவு. பின்னால் நின்றிருந்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். அதே காம்பால் என் புறங்கையில் எலும்பைப் பார்த்து அடித்தார். ஒரே அடி. "பொம்பளப் புள்ள மேல கை வைக்கிற? உனக்கு ஈவு இரக்கம் இல்ல?" என்றார், மெதுவாக. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது. பொம்பளைப் பிள்ளைக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு, பொம்பளையின் கையை உடைக்கிறார்.

புறங்கை வீங்கிவிட்டது. அந்தக் கையோடு தாராவிக்குப் போனேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லாதவள் முதல் தடவையாக அம்மாவிடம் சொன்னேன். அவர் அடிக்கிறார் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள்.

"நீ என்ன செஞ்ச?" என்று கேட்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலம்மா."

"ஒண்ணும் செய்யாமலா? அந்தப் புள்ள எறும்பக்கூட மிதிக்காது. ஒன் வாய்க்கு அவரு இம்புட்டு நாளா பொறுத்ததே பெரிசு." என் கையை விட்டுவிட்டு, "எல்லாம் அந்த ஆமை வந்த நேரம். ரெண்டையும் தூக்கிக் கொளத்துல போடு. குடும்பம் தன்னால சரியாவும்" என்றாள்.

அம்மாவிடம் எனக்கு அன்றைக்கு வந்த கோபம், அவரிடம்கூட வந்ததில்லை. அவரை விடுங்கள், அவர் எங்கிருந்தோ வந்த ஆள். நம்புவதற்கு எனக்கென்று இருந்தது ஒரே ஒருத்தி. அவளே என் உடம்பையும் தொண்டையையும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது, செத்தால்கூட நான்தான் ஏதோ செய்திருப்பேன் என்று பேசுவார்கள் என்று தோன்றியது. பயமாக இருந்தது. உண்மையாகவே பயந்தேன்.

காக்கூவிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன், என் கையைப் பற்றி இல்லை, ஆமைகளைப் பற்றி. இரண்டையும் தனித்தனியாக வைக்கட்டுமா என்று. அவர் காதைத் தொட்டுக்கொண்டார். ஜோடியைப் பிரித்தால் வீட்டு ஆம்பளைக்கு ஆகாது என்றார். ஒருத்தி இரண்டையும் தூக்கிப் போடு என்கிறாள், இன்னொருத்தி இரண்டையும் ஒன்றாக வை என்கிறாள். கடிபடுவதை மட்டும் எடுத்து அப்பால் வை என்று சொல்ல எனக்கு ஒரு நாதி இல்லை.

போன சித்திரை வெயிலில் மாப்பிள்ளை தீனியை விட்டது. கழுத்துப் புண் சீழ் பிடித்து நாறியது. பின்னங்கால்களால் கண்ணாடியை இரவும் பகலும் பிராண்டிக்கொண்டே இருந்தது. தொட்டியை விட்டு வெளியே போக வேண்டும் என்ற ஒரே நினைப்பு அதற்கு. அவர் வேலைக்குப் போனதும் அதைத் துணி துவைக்கிற பக்கெட்டில் போட்டேன். மேலே ஈரத் துண்டைப் போட்டு மூடி, மாட்டுங்காவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே பறவை, முயல், ஆமை பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். நம் தமிழ்தான், ஆனால் மாட்டுங்காத் தமிழ்.

"பேரென்ன வச்சிருக்கேள்?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு ஆமையைத் தூக்கி வாலைப் பார்த்தார். முன்னங்காலை இழுத்து நகத்தைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்து விளக்குக்கு முன்னால் பிடித்தார். வயிறு முழுக்க வெள்ளை வெள்ளையாக நீள உருண்டைகள்.

"மாப்பிள்ளையும் இல்லே, ஒண்ணும் இல்லே. இது பொண்ணு. அத்தனையும் முட்டை. போடறதுக்கு மண்ணில்லாம அடக்கி வச்சிண்டிருக்கா."

எனக்குப் புரியவில்லை. "இது பெரிசு டாக்டர். இன்னொண்ணுதான் சின்னது. அதுக்குத்தான் நகம் நீளம்."

"இந்த ஜாதியில பொண்ணுதான் பெரிசா வளரும். சின்னதா, நகம் நீளமா இருக்கே, அதான் ஆண். நகத்தை முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிக் கேக்கும். வெளியில குளம் குட்டையா இருந்தா, இவளுக்கு இஷ்டமில்லேன்னா நீந்திப் போயிடுவா. அதுவும் விட்டுடும். தொட்டியில இவ எங்கே போவா? ஆட்டிப் பாத்துட்டுக் கடிக்க ஆரம்பிக்கறது. சில சமயம் முக்கியே கொன்னுடும்." புண்ணைக் கழுவிக்கொண்டே கேட்டார், "இந்தக் காயமெல்லாம் ஒரு நாள்ல வந்ததில்லே. ரெண்டு வருஷமாவது இருக்கும். ஏன் கொண்டு வரலே?"

"சிரிச்சிட்டு இருந்தோம், டாக்டர்" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன அறை அதிர அழுதேன். வெளியே கூண்டில் இருந்த கிளிகள் எல்லாம் சேர்ந்து கத்தின. எவ்வளவு காலமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! அடிபடுகிறவளுக்குத் தெரிய வேண்டாமா, எது அடிபடுகிறது என்று? அவர் மாப்பிள்ளை என்றார், நான் மாப்பிள்ளை என்றேன். என்னைப் பார்த்தவர்களைப் போலவே நானும் உருவத்தைப் பார்த்தே முடிவு கட்டியிருந்தேன். டாக்டரம்மா என்னை நிறுத்தச் சொல்லவில்லை. மெதுவா என்று சொல்லவில்லை. ஒரு ஊசி போட்டார், மருந்து கொடுத்தார், ஈர மணலில் விடுங்கோ, அந்தச் சின்னதோட முகத்திலேயே இவள் முழிக்கக் கூடாது என்றார். குளத்தில் போடலாமா என்று கேட்டதற்கு, இது வெளிநாட்டுச் சாதி, நம் குளத்தில் விட்டால் அங்கே இருக்கிறதை எல்லாம் அழித்துவிடும், விடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் ஒரு டப்பில் மணலைக் கொட்டி அதை விட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வழக்கமான குரலில். கேட்டுவிட்டு அவர் புன்னகைத்தார்.

"அப்ப பெரிசுதான் பொண்ணா? நல்லதாப் போச்சு. இப்பதான் ஜோடி சரியா இருக்கு" என்றார்.

குளியலறைக்குப் போனார். ரத்தம் எடுக்கப் போகும்போது எவ்வளவு பதமாகக் கையைப் பிடிப்பாரோ, அவ்வளவு பதமாக அதைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிக்குள் இறக்கினார். நான் "விடாதீங்க" என்று கத்தினேன். சின்னது நகத்தைக்கூட ஆட்டவில்லை. நேரே வந்தது. டாக்டரம்மா மருந்து வைத்துக் கட்டியிருந்த இடத்தைப் பார்த்துக் கவ்வியது. கட்டு கழன்று மிதந்தது. தண்ணீர் சிவந்தது.

தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டேன். அவர் என் வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். என்னைத் தொட்டியோடு சேர்த்து அழுத்தினார். என் கன்னம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு நேர் எதிரே அந்தப் பெரிய தலை, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பாரு. இது இயற்கை. கத்தாம பாரு" என்றார் என் காதுக்குள். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. "மெதுவா. மெதுவா."

என் இடது கை இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. அது எதையோ தேடியது. கருங்கல் கிடைத்தது, ஆமைகள் ஏறி உட்காரும் கல். உள்ளிருந்தே அதைத் தூக்கி, என் முகத்துக்கு எட்டத்தில் இருந்த கண்ணாடியில், பலம் இருக்கிற மட்டும் இடித்தேன். முதல் இடிக்குக் கீறல் விட்டது. இரண்டாவது இடிக்குத் தொட்டி வெடித்தது. தண்ணீரும் கண்ணாடியும் அருவியாகக் கொட்டின. அவர் அலறினார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் குரல் வெளியே கேட்டது. என் கையை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பாதத்தில் கண்ணாடி ஏறியிருந்தது.

பெரியது தண்ணீரோடு வழுக்கி வெளியே வந்து விழுந்தது. கவிழ்ந்து, நிமிர்ந்து, கண்ணாடிச் சில்லுகள் மேலேயே வாசலைப் பார்த்து ஓடியது. ஆமை ஓடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன். காக்கூ, கீழ்வீட்டுக்காரர்கள், வாட்ச்மேன். அவர்கள் பார்த்தது என்ன? உடைந்த தொட்டி, தரையெல்லாம் தண்ணீர், ஒரு மூலையில் ரத்தக் காலோடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒல்லி மனுஷன், நடுவில் கையில் கல்லோடு நான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோவத்துல..." என்று இழுத்தார். காக்கூ வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆறு வருஷம் காதால் கேட்டதைக் கண்ணால் பார்த்துவிட்ட திருப்தி எல்லோர் முகத்திலும் இருந்தது. சீ, நினைத்துக்கொள்ளட்டும். கல்லைக் கீழே வைத்தேன். பெரியதைப் பக்கெட்டில் எடுத்துப் போட்டு ஈரத் துண்டால் மூடினேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களை விலக்கிவிட்டுப் படியிறங்கினேன்.

ஆட்டோவில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன். அம்மாவும் கதவைச் சாத்தினால் எங்கே போவது? எனக்குத் தெரிந்த மூன்றாவது வீடு கிடையாது.

பட்டறையைச் சுற்றிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினேன். அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் பக்கெட்டைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, அந்தச் சனியன இங்க எதுக்குக் கொண்டாந்த? அங்கனயே வை. உள்ள வராத."

நான் பக்கெட்டை ஏணியின் கடைசிப் படியில் வைத்துவிட்டு, துண்டை எடுத்தேன்.

"அம்மா, இதுதான் பொம்பள" என்றேன். "பெரிசா இருந்துச்சுன்னு நாமதான் ஆம்பளன்னு நெனச்சிட்டோம். அந்தச் சின்னதுதான் ஆம்பள. டாக்டர் படம் எடுத்துப் பாத்துச் சொன்னாங்க. வயித்துல முட்ட இருக்கும்மா. கழுத்தப் பாரு."

ஆறு வருஷமாக அந்த ஆமையை நேரில் கண்கொண்டு பார்க்காதவள் குனிந்து பார்த்தாள். கழுத்துச் சதை பிய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. வாலில் பாதி இல்லை. வெகு நேரம் பார்த்தாள். அந்தப் படம் அவள் போனிலும் வந்ததுதான், அடி வாங்கும் மாப்பிள்ளை. அவளும் பார்த்துச் சிரித்தவள்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் வலது கை தூக்க முடியாமல் தொங்கியது. கன்னத்தில் கண்ணாடிக் கீறல். ரவிக்கை நனைந்து ஒட்டியதில் பழைய தழும்பெல்லாம் தெரிந்தது.

இந்தத் தடவை அவள் 'நீ என்ன செஞ்ச' என்று கேட்கவில்லை.

"எத்தன வருசமாட்டி?" என்று கேட்டாள்.

"கல்யாணம் ஆன மொத மாசத்துலேருந்தும்மா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாலு அடி, ஓங்கி. நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். பிறகு எழுந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கினாள். நிலைப்படியில் ஒரு நொடி நின்றாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். தாண்டி உள்ளே கொண்டுபோய், சோற்றுப் பானை இருக்கிற மூலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீயும் வா" என்றாள்.

மறுநாள் பக்கத்தில் கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து அம்மாவே மணல் அள்ளி வந்தாள். இரண்டாம் நாள் அது குழி பறித்து முட்டை போட்டது. எதுவும் கடைசிவரை பொரியவில்லை. பொரியாததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காக்கூ போன் பண்ணினார். சின்னதைக் குளியலறை டப்பில் தண்ணீர் நிரப்பி விட்டிருக்கிறார்களாம். தனியாக இருக்கிறதே என்று பார்த்தால், மிதக்கிற சொம்புக்கு முன்னால் போய் நின்று நகத்தை நடுக்குகிறதாம், அப்புறம் சொம்பைக் கடிக்கிறதாம். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆமைக்கு ஒன்றும் தெரியாது, அதை மூன்றடித் தண்ணீரில் அடைத்தது நாம். இவரை யார் அடைத்தார்கள்? இவருக்கு எல்லாம் தெரியும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவருடைய போன் வந்தது, எனக்கில்லை, அம்மாவுக்கு. கை வெங்காயமாக இருந்ததால் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அதே பதமான குரல்.

"அத்தை, அவளுக்கு இப்பக் கோவம் தணிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஆமையையும் கொண்டு வரட்டும். இங்க ஒண்ணு தனியா கெடக்கு. ஜோடியப் பிரிக்கக் கூடாது பாருங்க."

ஊர் வழக்கத்துக்கு மாப்பிள்ளையிடம் அம்மா எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். வாங்க மாப்ள, சாப்பிட்டுட்டுப் போங்க மாப்ள என்பாள். கீழே நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா போனை வாய்க்கு நேரே எடுத்தாள். இந்தத் தொண்டையை நான் யாரிடமிருந்து வாங்கினேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"வராதிய மாப்ள. எங்க வீட்டுக்குள்ள ஆமை இருக்கு. வாசப்படியத் தாண்டினிய, ஒங்களுக்கு ஆவாது."